1934-35 மலேரியாக் கொள்ளைநோய்: காரணங்களின் கூட்டு பற்றிய ஒரு நோக்கு

1934ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையிற் பரவத் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய், அடுத்த ஆண்டின் முற்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. அன்றைய சனத்தொகை ஏறக்குறைய 55 இலட்சம். நோயுற்றோர் 15 இலட்சமளவினர். இப்பேரழிவை இயற்கையின் சீற்றமென்று கூறி அமைதிகாண்பது பொதுவழக்கு. அவ்விளக்கம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையே இங்கு நாம் ஆராய முற்படுகிறோம்.

இயற்கைக் காரணிகளை நாம் மறுக்கவில்லை. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழமையாகப் பெருக்கெடுத்தோடி நுளம்புக் குடம்பிகளை அடித்துச்செல்லும் மகா ஓயா, தெதுறு ஓயா முதலியன வற்றித் தேங்குகுட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பல்கிற்று. மலேரியா நிலைபெற்றிருந்த வரண்ட வலயத்து மக்கள் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர்; கேகாலை, குருநாகல் பகுதிகளின் ஈரவலய மக்களிடம் அஃது இருக்கவில்லை.

ஆயினும், நோய் எவ்வாறு பரவிற்று என்பதை நுளம்பு விளக்கும். இத்துணைப் பேர் இறந்தது ஏன் என்பதை அதுமட்டும் விளக்கிவிடாது. நுளம்பைப் பெருக்கிய அதே வரட்சி நெல்விளைச்சலையும் கெடுத்தது என்பது கவனிக்கற்பாலது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தினால் இறப்பர், தெங்கு ஆகியவற்றின் விலை வீழ்ச்சியுற்றிருந்தமையால் கூலிவேலையும் அருகியிருந்தது. முன்னைய காலமாயின் சேனைநிலமும் காடும் கிராமத்தானுக்குக் கைகொடுத்திருக்கும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டமும் அதன் வழிவந்த பெருந்தோட்ட விரிவும் அவ்வாதாரத்தைப் பெருமளவு குறுக்கிவிட்டிருந்தன. எனவே காய்ச்சல் தாக்கியவேளை அது கண்டது ஏற்கெனவே பசியால் மெலிந்த உடல்களை. குழந்தைகளே பெருந்தொகையினராய் மாண்டனர். வரட்சி, நுளம்பு, பசி, வேலையின்மை, நிலமின்மை என்பன தனித்தனியே நின்று கூட்டற்கணக்காகச் செயற்படவில்லை. ஒன்று மற்றொன்றின் கொடுமையைப் பெருக்கிற்று என்பதே பொருத்தமாகும்.

இவ்வுண்மையைக் களத்திலே கண்டவர்கள் சூரியமல் இயக்கத்தினர். மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் கிராமங்களில் மருந்தோடு உணவையும் வழங்கினர். கொயினா மட்டும் போதாது என்பது அச்செயலிலேயே அடங்கியிருந்தது. 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதையும், அடுத்த ஆண்டு றுவான்வெல்லவில் பெரேராவும் அவிசாவளையில் குணவர்த்தனவும் அரசாங்க சபைக்குத் தெரிவானதையும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். 1946 முதல் டி.டி.ரி. தெளிக்கப்பட்டு மலேரியா வீழ்ச்சியுற்றதே. வறுமை நீங்காமலே நோய் நீங்கியது அன்றோ? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. காரணச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தாலும் பயன் விளையும் என்பதை நாம் ஏற்கிறோம். ஆனால் 1963இல் 17 நோயாளராகக் குறைந்திருந்த மலேரியா, கண்காணிப்புத் தளர்ந்ததும் 1960களின் இறுதியில் பல இலட்சம் பேரைத் தாக்கிற்று. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றுபடுத்தியதற்குப் பின்னால் நின்றது நாடெங்கும் பரந்த இலவசப் பொதுச்சுகாதார அமைப்பாகும். மருந்தும் சமூக ஒழுங்கமைப்பின் வழியாகவே மக்களைச் சென்றடைகிறது.

இது பழங்கதையன்று. 1990கள் தொட்டு வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய்க்கும் புளோரைட்டு, நீரின் கடினத்தன்மை, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உழைப்போரின் நீரிழப்பு எனக் காரணங்கள் தனித்தனியே தேடப்பட்டுள்ளன. அவ்விவசாயியோ அவை யாவற்றையும் ஒரே உடலில், ஒரே வேளையிற் சுமக்கின்றான். அவ்வுடலை அவனது உழைப்பினின்றும் கடனினின்றும் பிரித்து நோக்கும் ஆய்வு, 1935இல் நுளம்பை மட்டுங் கண்டோர் விட்ட தவறையே மீண்டும் விடுவதாகும்.