பெர்குசன் டிராக்டரும் உழவன் கண்ணும்

இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்திற்கும் மேலாகச் செய்யப்பெற்றது பெர்குசன் டிஇ20 டிராக்டர். உழவின் ஆழத்தைத் தானே காக்கும் அப்பொறி வந்தபின் உழவனின் கைத்திறனுக்கு வேலையில்லை என்று கருதத் தோன்றும். அக்கருத்துப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தொடக்கக் காலத்து டிராக்டர்கள் கலப்பையைப் பின்னே பிணைத்து இழுத்துச் சென்றன. கொழு கல்லிலோ வேரிலோ சிக்கின் கலப்பை நின்றுவிடும். பொறியின் விசையோ நில்லாது. பின்சக்கரங்கள் உருள இயலாதபோது முன்பகுதி மேலெழுந்து ஓட்டுநர்மீது கவிழும். இவ்வாறு உயிரிழந்தோர் பலர்.

அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1884-இல் பிறந்தவர் ஹாரி பெர்குசன். 1917-இல் அந்நாட்டு வேளாண்மை வாரியத்தின் வேண்டுகோளின்படி டிராக்டர் உழவைச் செப்பஞ்செய்யப் புகுந்தார். கலப்பையும் டிராக்டரும் ஒரே கருவியாதல் வேண்டும் என்பது அவர் துணிபு. அவர்தம் முறையில் அமைந்த டிராக்டர் 1936-இல் விற்பனைக்கு வந்தது. 1938-இல் ஹென்றி போர்டுடன் வாய்மொழியாகவே உடன்பாடு செய்துகொள்ள, அதன் பயனாக 1939-இல் போர்டு 9என் வெளிப்போந்தது.

கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக மூன்று இணைகோல்களால் கலப்பை பிணைக்கப்பெறும். கீழ்க்கோல்கள் இழுக்கும். மண்ணின் தடையால் கலப்பை முன்னோக்கிச் சாய முனைதலின் மேற்கோல் டிராக்டரை உந்தும், முன்சக்கரங்கள் மேலெழா. அவ்வுந்தல் மிகுமாயின் வில்சுருள் அமுங்கி, எண்ணெயழுத்தத்தால் இயங்கும் தூக்கி கலப்பையைச் சிறிதே உயர்த்தும், குறையுமாயின் தாழ்த்தும். ஆழத்தைக் காக்கும் பணி இங்ஙனம் பொறியைச் சார்ந்தது.

எனினும், தூக்கி உணர்வது இவ்வுந்தல் ஒன்றையே; கலப்பையின் பக்கச்சாய்வை அஃது அறியாது. உழுங்கால் வலப்பக்கச் சக்கரங்கள் முன்னிட்ட சாலிலும் இடப்பக்கச் சக்கரங்கள் உழாத நிலத்திலும் ஓடும். ஆகவே டிராக்டர் வலப்புறம் சாயும். இருகொழுக் கலப்பையும் உடன்சாயின், வலப்புறத்து முன்கொழு ஆழ்ந்தும் இடப்புறத்துப் பின்கொழு மேலாகவும் செல்லும். வலப்பக்கத் தூக்குகோலின் கைப்பிடியைத் திருகி, அக்கோலைக் குறுக்கிக் கலப்பையை மட்டமாக்குதல் வேண்டும். முதற்சால் இடுங்கால் சக்கரம் நான்கும் நிலத்தின்மேலேயே நிற்றலின் அப்பொழுதைய அமைப்பு வேறு. சாலில் இறங்கியபின் வேறு. முன்சாலின் அகலத்தைக் கலப்பையின் குறுக்குத்தண்டைத் திருப்பி ஒழுங்குசெய்தல் வேண்டும். சக்கரங்களின் இடையகலத்தையும் 48 அங்குலம் முதல் 76 அங்குலம் வரை 4 அங்குலப் படிகளாக மாற்றி, கலப்பைக்கு ஏற்ற அளவில் நிறுத்துதல் வேண்டும். இரு சால்களின் மண்ணும் ஒத்த உயரத்தில் புரள்கின்றதா என்று திரும்பி நோக்கித் தெளிதலன்றி இவற்றிற்கு வேறு அளவுகோல் இல்லை.

தூக்குகோலின் கைப்பிடி இருக்கையிலிருந்தே எட்டுமாறு அமைந்திருத்தல் நம் கருத்துக்குச் சான்றாம். உழவன் இடையிடையே அதனைத் திருத்துவான் என்பதை எதிர்பார்த்தே பொறி வகுக்கப்பெற்றது. எனவே, பெர்குசன் முறை உழவனை இடரினின்று காத்தது; ஆழத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றது; மட்டமும் அகலமும் தெரியும் கண்ணை அவனிடத்திலேயே விட்டது என்பது நாம் கண்ட முடிபாகும்.