ஸ்டியரிங்கா, பிரேக்கா? 1989 சொல்லும் பதில்

போன வாரம் கல்லூரி முடிந்து வரும்போது நண்பன் கேட்டான். "மச்சி, ஒரு வருஷம் பார்ட் டைம் வேலை பார்த்து சேத்த காசு இருக்கு. வீட்டுல சிம் ரேஸிங் செட்டப் போடணும். எதுல காசப் போடறது?"

பி.காம். படிக்கிறவனிடம் கேட்டால் கணக்குப் பார்க்காமல் சொல்ல முடியுமா? கொஞ்சம் பழைய கதையைத் தோண்டினேன். பதில் 1989-ல் கிடைத்தது!

அந்த வருடம் அமெரிக்காவின் அடாரி கேம்ஸ் நிறுவனம் 'ஹார்ட் டிரைவின்' என்ற ஆர்கேட் விளையாட்டை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் பெட்டிதான். ஆனால் உட்கார்ந்து ஓட்டும் பெரிய மாடலில் சாவியைத் திருப்பித்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். கிளட்ச்சோடு மூன்று பெடல், நான்கு கியர். ஸ்டியரிங்கின் பின்னால் ஒரு மோட்டார், டயர் படும் பாட்டை நம் கைக்குத் திருப்பிச் சொல்லும். இதைத்தான் ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்கிறார்கள். ஆலோசகராக இருந்தவர் டக் மில்லிகன். 1995-ல் தன் தந்தையோடு சேர்ந்து பந்தயக் கார் இயக்கவியல் பற்றிப் புகழ்பெற்ற நூலை எழுதியவர்.

முக்கியமான விஷயம் பிரேக். பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அல்ல, கால் எவ்வளவு அழுத்தியது என்பதையே அது அளந்தது.

பிறகு இதெல்லாம் மெல்ல வீட்டுக்கு வந்தது. 1990களின் கடைசியில் மைக்ரோசாஃப்ட், லாஜிடெக் போன்றவை ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டியரிங் விற்றன. 2006-ல் லாஜிடெக் ஜி25 வந்தது. 900 டிகிரி சுழற்சி, அதாவது இரண்டரைச் சுற்று. கிளட்ச், ஆறு கியர், விலை சுமார் 300 டாலர். எல்லாம் இருந்தது, 1989-ன் பிரேக் மட்டும் இல்லை! இதன் பிரேக் அளந்தது தூரத்தைத்தான்.

2021-ல் ஃபனாடெக் நிறுவனத்தின் சிஎஸ்எல் டிடி வந்தது. பல், பெல்ட் எதுவும் இடையில் இல்லாமல் மோட்டார் தண்டிலேயே ஸ்டியரிங்கை மாட்டுவது. அதற்கு முன் பெரும்பாலும் பணக்காரர் பொருளாக இருந்தது இது. அறிமுக விலை சுமார் 350 டாலர். ஆஹா என்று தோன்றும். ஆனால் அது மோட்டார் பெட்டிக்கு மட்டும். பிடிக்கும் வளையமும் பெடலும் தனிக் காசு. அடக்க விலை வேறு, கைக்கு வரும் விலை வேறு :-)

சரி, பிரேக் ஏன் அவ்வளவு முக்கியம்? பந்தயக் காரில் பெடல் அதிகம் நகராது. கால் நினைவில் வைத்துக்கொள்வது அழுத்தத்தை. ஒவ்வொரு வளைவிலும் ஒரே மாதிரி பிரேக் பிடித்தால்தான் ஒவ்வொரு சுற்றும் ஒரே நேரத்தில் முடியும். இப்படி அழுத்தத்தை அளக்கும் பெடலுக்கு இன்று லோட் செல் பெடல் என்று பெயர்.

ஆகவே நண்பனிடம் நான் சொன்ன வரிசை இது. முதலில், அழுத்தினால் பின்னால் ஓடாத சீட்டும் ஸ்டாண்டும். சக்கர நாற்காலியில் லோட் செல் வீண். இரண்டாவது, லோட் செல் பிரேக். மூன்றாவதுதான் ஸ்டியரிங். பழைய ஜி29 கூடப் போதும். கன்சோலில் ஆடுபவர்கள் பெடல் பொருந்துமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்பெயினின் லூகாஸ் ஓர்டோனெஸ் எம்பிஏ மாணவராக இருந்தவர். 2008-ல் பிளேஸ்டேஷனில் ஆடி ஜிடி அகாடமி போட்டியில் வென்றார். 2011-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் அவர் அணி இரண்டாம் இடம் பிடித்தது. நம்ம டிபார்ட்மென்ட் ஆள் என்றே சொல்லலாம்!

நண்பன் இன்னும் பளபளக்கும் ஸ்டியரிங் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு வருட உழைப்புடா, காலுக்கும் கொஞ்சம் பங்கு கொடு.