ஹெலிகன் தோட்டமும் சுவரில் இருந்த பெயர்களும்



பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினால், "பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?" என்று நேயர்கள் கேட்பது வழக்கம். இம்மாதம் ஒரு தோட்டத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலே, கோர்ண்வோலில் இருக்கிறது ஹெலிகன். விக்டோரியா மகாராணி காலத்தில் செழித்து, யுத்தத்தால் காடாகி, பிறகு மீட்கப்பட்ட தோட்டம் அது.

200 ஏக்கருக்கு மேற்பட்ட இந்தக் காணி, நானூறு ஆண்டுகளாக திரமெய்ன் என்ற பிரபுக் குடும்பத்தின் கையில் இருந்தது. ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 1848 முதல் 1850 வரை சிக்கிம் மலைகளில் சேகரித்த விதைகளில் இருந்து முளைத்த ரொடோடென்ரன் மரங்கள் இன்றும் அங்கே பூக்கின்றன.

அதைவிட வியப்பானது அன்னாசிக் குழி. எங்கள் ஊரில் வேலியோரத்தில் தானாகக் காய்க்கும் அன்னாசியை, அந்தக் குளிர் நாட்டிலே குதிரை எருவின் சூட்டில் காய்க்க வைத்தார்கள். கண்ணாடி மூடிய நடுக்குழியில் செடிகள். இரு பக்கக் குழிகளிலும் புது எரு. எரு புளித்துச் சூடேறி, அந்தச் சூடு செடிக்குப் போகும். மீட்கப்பட்ட குழியில் 1997இல் பழுத்த முதலாவது பழத்தைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களே ருசி பார்த்தார்கள். இரண்டாவது பழம், எலிசபெத் மகாராணியின் ஐம்பதாவது திருமண நிறைவுக்கு அன்பளிப்பாகப் போனது. வேலைக் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பழத்தின் அடக்கவிலை ஆயிரம் பவுணைத் தாண்டும் என்கிறார்கள். கணக்காளனான எனக்கு அந்தத் தொகையைக் கேட்டதும் தோன்றிய கேள்வி ஒன்றுதான்: அந்தக் கூலிக்காரர்கள் யார்?

அதற்கு விடை ஒரு மலசலகூடச் சுவரில் கிடைத்தது.

1914இல் முதலாம் உலக யுத்தம் தொடங்கியது. தோட்டக்காரர்கள் பலர் போர்முனைக்குப் போனார்கள். பலர் திரும்பி வரவில்லை. வேலை செய்ய ஆள் இல்லாமல் செடிகொடி மண்டியது. குடும்பத்தின் வாரிசு இத்தாலிக்குப் போய்விட்டார். மாளிகை வாடகைக்கு விடப்பட்டது. இரண்டாம் யுத்த காலத்தில் அமெரிக்கப் படையினர் அங்கே தங்கினார்கள். 1970களில் அது தனித்தனி வீடுகளாகப் பிரித்து விற்கப்பட்டது. தோட்டம் முட்புதருக்குள் மறைந்தே போனது.

1990ஆம் ஆண்டு தை மாதம் பெரும் புயல் ஒன்று பிரித்தானியாவைத் தாக்கியது. அதற்கு அடுத்த மாதம், குடும்பத்தின் வழித்தோன்றலான ஜோன் வில்லிஸும் அவருடைய நண்பர் ரிம் சிமிற்றும் கத்தியோடு புதரை வெட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். தோட்டக்காரர் பாவித்த மலசலகூடத்தின் சுவரிலே பென்சிலால் எழுதிய பெயர்களைக் கண்டார்கள். அருகே, '1914 ஒகஸ்ட்' என்ற திகதி. அந்தப் பெயர்களைத் தோட்டத்தின் தொழிலாளர் பதிவேடுகளோடும் சுற்றியுள்ள ஊர்களின் போர் நினைவுக் கற்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். யார் என்ன வேலை செய்தார், யார் மாண்டார் என்பது தெரிய வந்தது.

அதன்பிறகு மீட்பு வேலையின் நோக்கமே மாறியது. பிரபுக்களின் பெருமையைச் சொல்வதற்குப் பதிலாக, உழைத்தவர்களின் கதையைச் சொல்லும் இடமாக அதை ஆக்கினார்கள். 1992இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2013இல், இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அந்த மலசலகூடத்தை உயிருள்ள நினைவுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

இனி, போகிறவர்களுக்கு. இளவேனிலில் கமேலியாவும் ரொடோடென்ரனும் பூத்திருக்கும். கோடையில் 'காடு' என்று அழைக்கப்படும் பள்ளத்தாக்கிலே வாழையும் மரப்பன்னங்களும் செழித்து நிற்கும். அங்குள்ள கயிற்றுப் பாலத்தில் நடக்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மண்ணாலும் செடியாலும் செய்த, உறங்கும் பெண்ணின் உருவமும் உண்டு. அவளுடைய கூந்தலும் உடையும் பருவத்துக்கு ஏற்ப நிறம் மாறும். இலையுதிர் காலத்தில் அறுவடைக் காட்சி, அப்பிள், பூசணிக்காய். அண்மை ஆண்டுகளில் மாரிகால இரவுகளில் விளக்கு அலங்காரமும் வைக்கிறார்கள். நாட்களும் கட்டணமும் மாறக்கூடும், முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள்.

எல்லாம் பார்த்து முடித்தபின் அந்தச் சிறிய அறைக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அந்தத் தோட்டத்துக்கு ஒரு சுவரும் ஒரு பதிவேடும் மிஞ்சின. எங்களில் பலருக்கு அவையும் மிஞ்சவில்லை. காணி உறுதியைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தவர்கள்கூட, அந்தக் காணியைக் கொத்தியவர், கிணறு வெட்டியவர், பனையேறியவர் ஆகியோரின் பெயர்களைக் கொண்டுவரவில்லை. அவை வீட்டில் இருக்கும் அம்மம்மா, தாத்தாவின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.

ஆகவே நேயர்களே, ஒரு கொப்பியை எடுங்கள். பெயர், ஊர், செய்த வேலை, காலம் என்று நான்கு பத்திகள் போதும். மூத்தவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்குங்கள். மறதி கூடிய பிறகு கேட்டுப் பயனில்லை.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.