உத்தியோகமும் மனிதப் பெறுமதியும்: 1971ஐ முன்வைத்து ஒரு குறிப்பு

1833ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தங்களின் பின்னர் ஆங்கிலங் கற்ற இலங்கையருக்கு அரச சேவையின் கீழ்ப்படிகள் திறந்தன. மிஷன் பாடசாலைகள் செழித்திருந்த யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய உத்தியோகத்தராகவும் மலாயா வரை சென்றோர் பலர். தோட்டக்காணி தராத மாதச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் உத்தியோகம் தந்தது. மாப்பிள்ளைக்குரிய சீதனத்தையும் அதுவே நிர்ணயித்தது. 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்' என்னும் வழக்கை வெறும் பரிகாசமாகக் கொள்ளலாகாது. அதிற் பிசகற்ற பொருளாதாரக் கணக்கொன்றுண்டு.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், தொடர்ந்த தாய்மொழிக் கல்வியும் இதே கணக்கைச் சிங்கள, தமிழ்க் கிராமங்களின் வறிய பிள்ளைகளுக்கும் கற்பித்தன. பதவிகளோ அவ்வேகத்திற் பெருகவில்லை. 1956இன் தனிச்சிங்களச் சட்டம் தமிழிளைஞருக்கு வாயிலை மேலும் ஒடுக்கிற்று. 1971 ஏப்ரிற் கிளர்ச்சியில் இறங்கியோருட் பெரும்பாலார் தென்னிலங்கைக் கிராமங்களின் படித்த சிங்கள இளைஞர்.

அவ்வாண்டே டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு, வேலைவாய்ப்புக்கும் எதிர்பார்ப்புக்குமிடையிலான பொருத்தமின்மையைச் சுட்டியது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. மாணவனின் மனப்பான்மை மாறவேண்டுமென எதிர்பார்க்கப்பட்டது. மட்பாண்டம் வனைவோனின் வருவாயோ, அவனுக்குச் சாதியமைப்பு விதித்த இடமோ மாறவில்லை. அத்தொழிலைச் செய்தோர் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதே அதிலிருந்து மீள்வதற்காகத்தான். 'தம்பி என்ன உத்தியோகம்?' என்று ஊர் கேட்கையில், தச்சுப்பாடத்திற் பெற்ற புள்ளிகளை மறுமொழியாகக் கூறவியலாது.

1977இல் ஆட்சி மாறியதும் அச்சீர்திருத்தம் கைவிடப்பட்டது.