பாற்பற்கள் கூறிய சாட்சி



விழுந்த பாற்பல்லைக் கூரைமேல் எறிந்துவிடுவது நம்மவர் வழக்கம். 1970களில், ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரையடுத்த செல்சி, சமர்வில் என்னும் ஊர்களிலோ, பாடசாலை ஆசிரியர்கள் அப்பற்களைச் சேகரித்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பற்கள் சேர்ந்தன. அவற்றைக் கேட்டவர் ஹேர்பேர்ட் நீடில்மன் என்னும் குழந்தை வைத்தியர்.

உடலிற் புகுந்த ஈயம் இரத்தத்தில் நெடுநாள் நிற்பதில்லை; எலும்பிலும் பல்லிலும் போய்ப் படிந்துவிடும். நோயின் அறிகுறி ஏதுமின்றி ஓடி விளையாடும் பிள்ளையொன்று முன்னர் எவ்வளவு ஈயத்தை உட்கொண்டது என்பதைப் பல் சொல்லிவிடும். பல்லில் ஈயம் மிகுந்த 58 பிள்ளைகளையும், குறைந்த 100 பிள்ளைகளையும் அவர் ஒப்பிட்டார். முன்னையோர் அறிவுச் சோதனையில் சராசரி நான்கு புள்ளியளவு பின்தங்கினர். வகுப்பிற் கவனம் சிதறுவோரும் அவர்களுள்ளேயே அதிகம். 1979இல் இம்முடிவு வெளியாயிற்று.

ஈயமோ அந்நாளிற் பெற்றோலில் இருந்தது. பழைய வீடுகளின் வர்ணப்பூச்சிலும் இருந்தது. சிறிதளவு ஈயத்தாற் கேடில்லை என்பது அத்தொழிலாரின் நெடுநாளைய வாதம். அவ்வாதத்தின் அத்திவாரத்தையே பாற்பற்கள் அசைத்துவிட்டன.

1990 அளவில், யூற்றா மாநிலத்தில் எழுந்த ஈயக் கழிவு வழக்கொன்றில் நீடில்மன் அரசாங்கத்தின் சார்பிற் சாட்சியாக நின்றார். எதிர்த்தரப்பின் சாட்சிகளாயிருந்த உளவியலாளர் இருவர் அவருடைய பழைய பதிவுகளைப் பார்வையிட்டனர். வழக்குச் சமரசத்தில் முடிந்தது. ஆயினும் 1991இல் அவ்விருவரும், அவர் விஞ்ஞான நெறி பிறழ்ந்தார் என்று மத்திய சுகாதார அதிகாரிகளிடம் முறையிட்டனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்திய ஆராய்ச்சி அது!

கணக்கிற் பிழையுண்டு என்று சொல்வது விஞ்ஞானிகளிடையே அன்றாட வழக்கு. புரட்டுச் செய்தான் என்பது வேறு. அச்சொல் பட்ட மனிதனுடைய சாட்சியத்தை அதன்பின் எந்த நீதிமன்றமும் எளிதில் ஏற்காது. குற்றம் நிரூபணமாகாவிட்டாலும் சட்டத்தரணிகளுக்குக் கொடுக்கும் பணமும் வீணாகும் காலமும் திரும்பி வருவதில்லை.

அவர் அப்போது பணியாற்றிய பிற்ஸ்பேர்க் சர்வகலாசாலை விசாரணையை மூடிய அறையில் நடத்த விரும்பிற்று. அவர் மறுத்தார். கதவைத் திறந்து விசாரியுங்கள், குற்றஞ்சாட்டியோர் எதிரில் வரட்டும் என்று கோரினார், நீதிமன்றத்தையும் நாடினார். சக ஆசிரியர்களும் அவர் பக்கம் நின்றனர். 1992 ஏப்ரலிற் பகிரங்க விசாரணை நடந்தது. குற்றஞ்சாட்டியோரும் அங்கே கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டியிருந்தது. நெறிபிறழ்வு இல்லை என்று சபை ஏகமனதாகத் தீர்த்தது. ஆராய்ச்சி முறையை விவரித்த விதத்திற் குறைகள் உண்டு என்று சொல்லவும் அது தவறவில்லை. 1994இல் திருத்தமும் அச்சாயிற்று. முடிவு மட்டும் அசையவில்லை. ஒளித்து விசாரித்திருந்தால் அக்குறைகள் பெரிதாகப் பேசப்பட்டிருக்கும். விடுதலையை எவரும் நம்பியிருக்கமாட்டார் என்பது என் துணிபு.

நீடில்மனுக்கு அப்போது வயது அறுபதுக்கு மேல். பெயரும் பதவியும் நிலைபெற்றிருந்தன. ஆராய்ச்சியை அப்போதுதான் தொடங்கிய இளைஞர் ஒருவருக்கு அந்த நீதிமன்றப் படியேறும் வசதி இருந்திருக்குமா?

வீதி வாகனங்களுக்கான பெற்றோலில் ஈயம் சேர்ப்பது ஐக்கிய அமெரிக்காவில் 1996இலும், இலங்கையில் 2002இலும் நின்றது. கடைசியாக அதனைக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, 2021இல். நீடில்மன் அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்டார்.