கல்லும் கண்ணாடியும்

ஆலயமென்பது மதிலோ, மூர்த்தியோ, மாந்தர் மனமோ என்னும் வினாவிற்குத் திருவிதாங்கூர்ச் சரித்திரம் தக்கதோர் விடை பகர்கின்றது. நமது சங்கத்தாரும் அவர்தம் குடும்பத்தாரும் சிந்தித்தற்கு உரியதென அதனை ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

முற்காலத்தில் அச்சீமையில் ஈழவர் முதலாய பல வகுப்பினர் பேராலயங்களினுள் புகுதல் கூடாது; அவற்றைச் சூழ்ந்த வீதிகள் சிலவற்றில் நடத்தலும் கூடாது. இறைவன் மதிலுக்கு அப்பால், அடியவர் இப்பால். ஈழவர் குலத்துதித்து, இந்நாளில் குமரி மாவட்டத்தைச் சேர்ந்த மருத்துவாமலையில் தவமிருந்து, தமிழிலும் பாடல் இயற்றிய ஸ்ரீ நாராயண குரு, 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று அருவிப்புரத்தில் நெய்யாற்றினின்றும் ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தருளினார். பிரதிஷ்டையுரிமை அந்தணர்க்கே உரியதென்றிருந்த காலத்தில் அஃது எளிய செயலன்று. ஆறு யாவர்க்கும் பொது. அதனுள் கிடந்த கல்லும் பொதுவாயிற்று.

அக்கோயிலைச் சார்ந்து எழுந்த கூட்டமே 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக வளர்ந்தது. மகாகவி குமாரன் ஆசான் அதன் முதற் காரியதரிசியாயினார்.

குரு கல்லோடு நின்றாரல்லர். காரமுக்கில் விளக்கையே பிரதிஷ்டை செய்தார். முருக்கும்புழையில் 1922-இல் சத்தியம், தருமம், தயை, சாந்தி என்னும் சொற்களே மூர்த்தியின் இடம் பெற்றன. களவங்கோட்டில் 1927-இல் கண்ணாடியை நிறுவினார். தொழச் செல்பவன் ஆங்குத் தன் முகத்தையே காண்பான். தெய்வத்தைப் புறத்தே தேடுவோன் முன்னர்த் தன்னையறிதல் வேண்டுமென்பதே அதன் குறிப்பென நாம் கொள்கின்றோம். இதனிடையே 1917-இல், இனிக் கல்விச்சாலைகளே தலையாய ஆலயங்களாதல் வேண்டுமெனவும் அவர் அறிவுறுத்தினார்.

1928-இல் குரு சமாதியடைந்தார். 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மகாராஜா பிரகடனத்தால் அரசாங்க ஆலயங்கள் இந்துக்கள் அனைவர்க்கும் திறக்கப்பட்டன. ஆற்றங்கரைக் கல்லினின்றும் அரண்மனை ஆணை வரையில் 48 ஆண்டுகள் சென்றன.

அன்பர்காள்! குலத்தின் பேரால் கூடி, குலத்தின் பேரால் கோயிலெடுக்கும் நாம் இதனின்றும் கற்பது யாது? கதவைத் திறக்க வேண்டி நின்றவர் வழிவந்தோர், தம்மினும் எளியார்க்குத் தம் கதவை அடைத்தல் தகுமோ? கும்பாபிஷேகத்திற்குத் திரட்டும் பொருளில் ஒரு பங்கேனும் ஏழைப் பிள்ளைகளின் படிப்பிற்கு ஒதுக்கலாகாதோ? களவங்கோட்டுக் கண்ணாடியை மனத்தகத்தே வைத்து நோக்குவோமாயின், விடை நம் முகத்திலேயே தோன்றும்.