பெயர் தெரியாத பூ

நம் புதுக்கவிதையிலும் சிறுகதையிலும் ‘பெயர் தெரியாத பூ’ ஒன்று நிரந்தரமாகப் பூத்துக்கொண்டிருக்கிறது, தெரியாததே ஒரு கவித்துவம் என்பதுபோல. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லியே அடுக்க முடிந்தது. கேட்டவன் அவற்றைப் பார்த்திருந்தான். பெயரையும் நம்பாமல், பெயரின்மையையும் நம்பாமல், பூவை மட்டும் பார்த்த இரண்டு பேர் நமக்கு உண்டு. ரங்கய்யா, கோவிந்து.

இருவரும் ஸ்காட்லாந்து டாக்டர் ராபர்ட் வைட்டிடம் (1796–1872) வேலை பார்த்த சித்திரக்காரர்கள். 1820களிலிருந்து ரங்கய்யா, 1840களின் நடுவிலிருந்து கோவிந்து. வைட் 1842 முதல் கோயம்புத்தூரில் கம்பெனியின் அமெரிக்கப் பருத்திப் பரிசோதனையைக் கவனித்தவர். பருத்தி பெரிதாகப் பலிக்கவில்லை. உத்தியோகம் போக மிஞ்சிய நேரத்தின் காரியம்தான் நின்றது: ‘இகோனெஸ் பிளாண்டாரம் இந்தியே ஓரியன்டாலிஸ்’. 1838–1853, ஆறு தொகுதிகள், 2101 படங்கள், மதராஸ் அச்சு.

அச்சிட்ட முறை கல்லச்சு. மழமழப்பான சுண்ணாம்புக் கல்மேல் எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைய வேண்டும். கல்லை நனைத்தால் வெற்றிடம் நீரை ஏற்கும், கோடு ஏற்காது. உருளையால் தடவும் அச்சுமை கோட்டில் மட்டும் ஒட்டும். செதுக்குகிற வேலை இல்லாததால் செலவு குறைவு. வைட் தாமே இதைப் பழகிக்கொண்டார். ‘இகோனெ’ஸில் வண்ணமும் கிடையாது. வண்ணத்தை எடுத்துவிட்டால் ஓவியனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. நரம்பு எங்கே பிரிகிறது, காம்பு எந்தக் கோணத்தில் ஒட்டுகிறது என்பதெல்லாம் கோட்டிலேயே தீர்ந்தாக வேண்டும். பூவைப் பிளந்து மகரந்தத்தாளையும் சூலகத்தையும் தனித்தனியாகப் பெரிதாக்கிக் காட்டியாக வேண்டும்.

இது நகல்தானே, சிருஷ்டி எங்கே என்று கேட்கலாம். ஆனால் இந்தச் சித்திரம் ஒரு தனிச் செடியின் பிரதி அல்ல. புழு தின்ற இலை இதில் வராது. வெவ்வேறு மாதங்களில் வருகிற மொட்டும் பூவும் காயும் ஒரே கிளையில் நிற்கக்கூடும். அந்த இனத்தின் எந்தச் செடியும் தன்னை இதில் அடையாளம் காண வேண்டும். அப்படியே ஒரு செடி எந்தக் காட்டிலும் இராது. எது இன்றியமையாதது, எது தற்செயல் என்று கணத்துக்குக் கணம் தீர்மானிப்பதைத்தான் நாம் இலக்கியத்திலும் கலை என்கிறோம். கலைஞன் தன்னை முன்னே நிறுத்திக்கொள்ளாததால் இங்கே அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

தாவரவியல் ஒரு விதத்தில் நம்மைவிட நன்றியுள்ளது. 1832இல் ஜெர்மானியர் நீஸ் ஒரு பேரினத்துக்கு ‘ருங்கியா’ என்று ரங்கய்யாவின் பெயரை இட்டார். நம் வைத்தியர்கள் கோடகசாலை என்கிற சிறு செடி அதைச் சேர்ந்தது. வைட் ஓர் ஆர்க்கிடுக்குக் ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார்; பின்னால் அது ‘ட்ரோபிடியா’வோடு சேர்க்கப்பட்டுவிட்டது. 2007இல் எடின்பரோவிலிருந்து ஹென்றி நோல்டி இவர்கள் சித்திரங்களை நூலாக்கினார்.

நாம் செய்ய வேண்டியது சொற்பம். பெயர் தெரியாவிட்டால் பாதகமில்லை. எத்தனை இதழ் என்றாவது எண்ணிவிட்டு எழுதலாம்.